சொந்தக்காரர் இல்லாமல் பறந்த சூட்கேஸ்: 329 உயிர்களைப் பறித்த 'கனிஷ்கா' தாக்குதலை கனடா ஏன் மறந்தது?

சர்வதேச விமானத்தில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டாச்சு. ஆனால் விமானம் நகரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓர் அறிவிப்பு: "ஒரு பயணி வரவில்லை, அவருடைய லக்கேஜை இறக்கிக்கொண்டிருக்கிறோம்". நமக்கு எரிச்சலா வரும். யாரோ ஒருத்தர் வரலைன்னா பையோடு கிளம்பிப் போக வேண்டியதுதானே, பிறகு அனுப்பிக்கொள்ளலாமே என்று தோன்றும்.

அப்படிக் கிளம்பிப் போன ஒரு பைதான், 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக்கு அருகே அட்லான்டிக் கடலுக்கு மேல், 31,000 அடி உயரத்தில் வெடித்தது. ஏர் இந்தியாவின் 'எம்பரர் கனிஷ்கா' என்ற போயிங் 747 விமானத்தில் இருந்த 329 பேரில் ஒருவர்கூட பிழைக்கவில்லை. இறந்தவர்களில் 80க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். கோடை விடுமுறைக்கு தாத்தா பாட்டியைப் பார்க்க இந்தியா வந்துகொண்டிருந்தவர்கள்.

2001 செப்டம்பர் 11 வரைக்கும் விமானத்தைக் குறிவைத்து நடந்த தாக்குதல்களில் இதுதான் மிகக் கொடியது. இன்றுவரை கனடா வரலாற்றின் மிகப்பெரிய படுகொலையும் இதுதான். ஆனால் 2023ல் கனடாவில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், பத்தில் ஒன்பது பேர் இதைப் பற்றித் தங்களுக்குக் கொஞ்சம்தான் தெரியும் அல்லது எதுவுமே தெரியாது என்று சொன்னார்கள். இவ்வளவு பெரிய ஒரு கொலையை ஒரு நாடே எப்படி மறந்தது?

விமானம் இந்தியாவுடையது. பெயர் ஓர் இந்தியப் பேரரசருடையது. ஆனால் இறந்தவர்களில் 268 பேர் கனடா குடிமக்கள், இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் 24 பேர் மட்டுமே. அன்றைய கனடா பிரதமர் பிரையன் மல்ரோனி இரங்கல் சொல்ல போன் போட்டது டெல்லியில் இருந்த ராஜீவ் காந்திக்கு. இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதிக் கதையைப் படியுங்கள்.

வேர் எங்கே இருக்கிறது?

1980களின் பஞ்சாபில். காலிஸ்தான் என்ற தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய குழுக்கள் ஒரு பக்கம், அரசு மறுபக்கம். 1984 ஜூனில் பிந்த்ரன்வாலேயையும் அவரது ஆட்களையும் வெளியேற்ற, அமிர்தசரஸ் பொற்கோயில் வளாகத்துக்குள் ராணுவம் நுழைந்தது. அதுதான் ஆபரேஷன் புளூ ஸ்டார். சீக்கியர்களின் உச்ச பீடமான அகால் தக்த் சிதைந்தது. அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியை அவருடைய சீக்கிய மெய்க்காவலர்களே சுட்டுக் கொன்றார்கள். அடுத்த சில நாட்களில் டெல்லியில் மட்டும், அரசுக் கணக்கின்படியே, 2,700க்கும் மேற்பட்ட சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள்.

இந்தக் கோபம் கடல் தாண்டி கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலும் கொதித்தது. அங்கே சீக்கியர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் துக்கத்தோடு நின்றுவிட்டார்கள். சிலர் பழிவாங்கக் கிளம்பினார்கள். அவர்களில் முக்கியமானவர், பப்பர் கால்சா அமைப்பின் தலைவரான தல்விந்தர் சிங் பர்மார். பஞ்சாபில் போலீஸ்காரர்களைக் கொன்ற வழக்கில் இந்தியா தேடிக்கொண்டிருந்த ஆள். 1983ல் மேற்கு ஜெர்மனியில் பிடிபட்டு, பிறகு விடுதலையாகி கனடாவுக்கே திரும்பி வந்தவர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதை 'சீக்கியர்கள் செய்தது' என்று சுருக்கினால் தப்பு. அந்த விமானத்தின் துணை விமானி ஒரு சீக்கியர். பயணிகளிலும் சீக்கியர்கள் இருந்தார்கள். இந்தக் கொலைகாரர்களை எதிர்த்து எழுதி உயிரைவிட்ட பத்திரிகையாளரும் ஒரு சீக்கியர்தான். அவரைப் பற்றிப் பிறகு.

காட்டுக்குள் கேட்ட சத்தம்

பர்மார் ஆபத்தானவர் என்று கனடாவுக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். சி.எஸ்.ஐ.எஸ். என்ற கனடா உளவு அமைப்பு அவர் போனை ஒட்டுக்கேட்டது, அவரைப் பின்தொடரவும் செய்தது.

1985 ஜூன் 4. பர்மாரும் இன்னொரு இளைஞரும் வான்கூவர் தீவில் இருக்கும் டங்கன் என்ற சிறு ஊருக்குப் போகிறார்கள். அங்கே இந்தர்ஜித் சிங் ரேயாத் என்ற ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருக்கிறார். மூவரும் காரில் ஊருக்கு வெளியே ஒரு காட்டுக்குப் போகிறார்கள். உளவு அதிகாரிகள் தூரத்தில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். திடீரென்று ஒரு பெரிய சத்தம்.

துப்பாக்கி சத்தமாக இருக்கும் என்று நினைத்தார்கள். அப்படியே எழுதியும் வைத்தார்கள். கையில் கேமரா இல்லாததால் அந்த மூன்றாவது இளைஞரைப் படமும் எடுக்கவில்லை. அவர் யார் என்று தெரியாததால் பிறகு வந்த எல்லா ஆவணங்களிலும் அவர் பெயர் 'மிஸ்டர் எக்ஸ்'. தாக்குதலுக்குப் பிறகு போலீஸ் அந்தக் காட்டைச் சல்லடை போட்டுத் தேடியபோது கிடைத்தது டெட்டனேட்டர் துண்டு. அன்று நடந்தது வெடிகுண்டு ஒத்திகை.

பர்மாரைப் பின்தொடர்வதையும் ஜூன் 17 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். போன் ஒட்டுக்கேட்பு மட்டும் தொடர்ந்தது. ஆனால் அதைக் கேட்டுச் சொல்ல அங்கே பஞ்சாபி தெரிந்த ஆள் கிடையாது. டேப்புகள் நாட்டின் இன்னொரு மூலையில் இருக்கும் ஒட்டாவாவுக்குப் போய், மொழிபெயர்க்கப்பட்டுத் திரும்பி வர வேண்டும். ஜூன் 20 அன்று பதிவான ஓர் உரையாடலில், கதை எழுதியாச்சா என்று பர்மார் விசாரிக்கிறார். இல்லை என்று பதில் வருகிறது. முதலில் அந்த வேலையை முடி என்கிறார். கதை என்பது விமான டிக்கெட்டாக இருக்கலாம் என்று புலனாய்வாளர்களுக்குப் புரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இதற்கு முன்பே, ஜூன் 1 அன்று, மும்பையில் இருந்து ஏர் இந்தியா ஒரு டெலக்ஸ் அனுப்பியிருந்தது. டைம்பாம் வைத்து விமானத்தைத் தகர்க்க முயற்சி நடக்கலாம், எச்சரிக்கையாக இருங்கள் என்று. அது கனடா போலீஸான ஆர்.சி.எம்.பி. கைக்குப் போனது. அங்கிருந்து உளவு அமைப்புக்குப் போகவே இல்லை. ஏர் இந்தியாக்காரர்கள் கூடுதல் பாதுகாப்பை இலவசமாக வாங்கத்தான் அடிக்கடி இப்படி எச்சரிக்கை அனுப்புகிறார்கள் என்று சில அதிகாரிகள் நினைத்ததாகப் பிறகு விசாரணையில் வெளிவந்தது.

ஜூன் 22, வான்கூவர் விமான நிலையம்

இரண்டு நாட்களுக்கு முன் ஒருவர் 3,005 டாலரை ரொக்கமாகக் கொடுத்து இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தார். ஒன்று 'எம். சிங்' பெயரில், வான்கூவரிலிருந்து டொரன்டோ போய் அங்கிருந்து ஏர் இந்தியாவில் டெல்லிக்கு. மற்றொன்று 'எல். சிங்' பெயரில், டோக்கியோ வழியாக பாங்காக்குக்கு, அங்கேயும் ஏர் இந்தியா இணைப்பு.

சனிக்கிழமை காலை. கவுன்டரில் கூட்டம். எம். சிங் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் தன் சூட்கேஸை நேராக டெல்லி வரைக்கும் போடச் சொல்கிறார். ஆனால் டொரன்டோவுக்கு அப்புறம் அவருக்கு இருக்கை உறுதியாகவில்லை. அப்படியிருந்தால் பையை அடுத்த விமானத்துக்கு அனுப்பக் கூடாது என்பது விதி. ஊழியர் முடியாது என்கிறார். அவர் விடாமல் வாதாடுகிறார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. கடைசியில் ஊழியர் சலித்துப்போய் டேக் போட்டு பையை அனுப்பிவிடுகிறார்.

அந்த ஊழியரைக் குறை சொல்வது ரொம்ப சுலபம். கவுன்டரில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அப்படி ஒரு கஸ்டமரை சமாளிப்பது எப்படி என்று. ஒரே ஒருவர் விட்டுக்கொடுத்தால் மொத்தமும் உடைந்துவிடும் அளவுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

எம். சிங்கும் ஏறவில்லை, எல். சிங்கும் ஏறவில்லை. அவர்களுடைய பைகள் மட்டும் பறந்தன.

டொரன்டோவில் அன்று எக்ஸ்ரே மெஷின் பாதியில் பழுதாகிவிட்டது. மிச்சப் பைகளைக் கையடக்க மோப்பக் கருவியால் சோதித்தார்கள். அது ஒரு பைக்கு அருகே மெதுவாக பீப் அடித்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று சோதித்தவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லித் தந்திருக்கவில்லை, பை உள்ளே போனது. போலீஸ் மோப்ப நாய்களைக் கூப்பிடலாம் என்றால், அவை எல்லாமே பயிற்சிக்காக வான்கூவருக்குப் போயிருந்தன. மான்ட்ரியாலில் சந்தேகத்துக்குரிய மூன்று பைகளை எடுத்து ஓரமாக வைத்தார்கள். அவற்றில் ஒன்றும் இல்லை என்று தெரிவதற்கு முன்பே விமானத்தைக் கிளம்ப விட்டுவிட்டார்கள். வான்கூவர் சூட்கேஸ் அதற்குள் முன்பக்கச் சரக்கு அறையில் இருந்தது.

இந்திய நேரம் ஜூன் 23 காலை 11:49க்கு டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் முதல் குண்டு வெடித்தது. பைகளை மாற்றிக்கொண்டிருந்த இரண்டு ஜப்பானிய ஊழியர்கள் இறந்தார்கள். அது ஏர் இந்தியா விமானத்துக்குள் போய் வெடிக்க வேண்டிய குண்டு, கொஞ்சம் முந்திவிட்டது. சரியாக 55 நிமிடம் கழித்து, அயர்லாந்தின் ஷானன் கட்டுப்பாட்டு அறையின் ரேடார் திரையிலிருந்து கனிஷ்கா மறைந்தது. விமானத்திடமிருந்து அபாய அழைப்பு எதுவும் வரவில்லை.

விமானம் அன்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதம். பழுதான ஓர் இன்ஜினை இந்தியாவுக்கு எடுத்துவர அதை இறக்கையில் கூடுதலாக மாட்டியதில் நேரம் போனது. தாமதம் இல்லையென்றால் குண்டு லண்டன் ஹீத்ரோவில் வெடித்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

மீனம்பாக்கம் ஞாபகம் இருக்கா?

நம்ம ஊரிலும் இதற்குப் பத்து மாதம் முன்பு ஒரு பாடம் கிடைத்திருந்தது. 1984 ஆகஸ்ட் 2 அன்று சென்னை மீனம்பாக்கத்தில், கொழும்பு விமானத்துக்காகக் கொடுக்கப்பட்ட இரண்டு பெட்டிகள் விமான நிலையத்திலேயே வெடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெட்டியைக் கொடுத்த பயணி அன்று விமானம் ஏறவில்லை. அதாவது, ஆள் வராமல் பெட்டி மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பது 1985 ஜூனில் யாருக்கும் புதிய விஷயமாக இருந்திருக்கக் கூடாது.

கார்க் நகரமும் ஒரு ரேடியோ பெட்டியும்

கடலில் இருந்து 131 உடல்களை மட்டுமே மீட்க முடிந்தது. சரக்குக் கப்பல்காரர்களும் அயர்லாந்து கடற்படையினரும் அவற்றைத் தூக்கினார்கள். குடும்பத்தினர் அயர்லாந்தின் கார்க் நகருக்கு வந்தபோது அவர்களைத் தாங்கியது அந்த ஊர் மக்கள்தான். அடுத்த வருஷமே, 1986ல், கடலைப் பார்த்தபடி அஹகிஸ்டா என்ற சிறு கிராமத்தில் நினைவிடம் திறக்கப்பட்டது. ஒவ்வொரு ஜூன் 23 அன்றும் இப்போதும் குடும்பங்கள் அங்கே கூடுகின்றன. கனடாவில், டொரன்டோவிலும் வான்கூவரிலும் நினைவிடங்கள் வந்தது 2007ல். நடுவில் 21 வருஷம்.

விசாரணையும் இதே லட்சணம்தான். நியாயமாகப் பார்த்தால் வழக்குக்கு உயிர் கொடுத்தது ஜப்பான் போலீஸ். நரிட்டாவில் சிதறிக் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, சேர்த்து, குண்டு ஒரு சான்யோ ரேடியோ டியூனருக்குள் வைக்கப்பட்டிருந்தது என்று அதன் மாடல் வரை கண்டுபிடித்தார்கள். அதே மாடல் டியூனரை டங்கன் ஊர்க் கடையில் வாங்கியவர் ரேயாத் என்பது தெரியவந்தது.

கனடா பக்கம்? பர்மார் பேச்சை ஒட்டுக்கேட்ட நூற்றுக்கணக்கான டேப்புகளை உளவு அமைப்பு அழித்துவிட்டது. சதி எதுவும் இல்லை, கேட்டு முடித்த டேப்பை அழிப்பது அவர்களுடைய வழக்கம். விமானம் விழுந்து மாதங்கள் ஆன பிறகும் அந்த வழக்கத்தை நிறுத்தணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் வேலை தகவல் சேகரிப்பது, சாட்சியம் சேகரிப்பது போலீஸ் வேலை என்பது அவர்கள் வாதம். உளவு அமைப்பு போலீஸிலிருந்து பிரிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இருவருக்கும் ஆகவே ஆகாது.

1985 நவம்பரில் பர்மாரும் ரேயாத்தும் கைதானார்கள். பர்மார் மீதான வழக்கு நிற்கவில்லை. ரேயாத்துக்கு 2,000 டாலர் அபராதம். பர்மார் பிறகு இந்தியா வந்து, 1992ல் பஞ்சாப் போலீஸால் கொல்லப்பட்டார். சூத்திரதாரி என்று விசாரணை ஆணையம் பின்னாளில் கருதிய ஆளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கவில்லை.

ஹேயர் எழுதியதும் இழந்ததும்

தாரா சிங் ஹேயர் கனடாவில் 'இந்தோ-கனடியன் டைம்ஸ்' என்ற பஞ்சாபி பத்திரிகையை நடத்தியவர். முதலில் காலிஸ்தான் பக்கம் அனுதாபம் வைத்திருந்தவர், பிறகு வன்முறையை எதிர்த்து எழுத ஆரம்பித்தார். 1988ல் அவரைச் சுட்டார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் மீதி வாழ்க்கை சக்கர நாற்காலியில். அப்போதும் எழுதுவதை நிறுத்தவில்லை.

1995ல் போலீஸிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். லண்டனில் தர்சேம் சிங் புரேவால் என்ற பத்திரிகை ஆசிரியரின் அலுவலகத்தில், அஜாய்ப் சிங் பாக்ரி என்பவர் குண்டுவெடிப்பில் தன் பங்கைப் பற்றிச் சொன்னதைத் தன் காதால் கேட்டதாக. அந்த அலுவலகத்துக்குச் சொந்தக்காரரான புரேவால் 1995 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹேயர் 1998 நவம்பரில், தன் வீட்டு கராஜில், காரிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சி சொன்னவர் உயிரோடு இல்லாததால் அவர் வாக்குமூலமும் நீதிமன்றத்தில் செல்லாமல் போனது.

பாக்ரியும் ரிபுதமன் சிங் மாலிக் என்ற தொழிலதிபரும் 2000ல் கைதாகி, நீண்ட விசாரணைக்குப் பிறகு 2005 மார்ச் 16 அன்று விடுதலையானார்கள். சாட்சிகளை நம்ப முடியவில்லை என்றார் நீதிபதி இயன் ஜோசப்சன். இருக்கிற ஆதாரத்தை வைத்து அவர் வேறு தீர்ப்பு சொல்லியிருக்க முடியாது என்பதே என் கருத்து. ஆதாரம் இருபது வருஷம் முன்பே காந்த நாடாவிலிருந்து அழிக்கப்பட்டுவிட்டது.

மொத்தத்தில் தண்டனை பெற்றவர் ரேயாத் ஒருவர்தான். நரிட்டா வழக்கில் 1991ல் 10 வருஷம். கனிஷ்கா வழக்கில் 2003ல் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் 5 வருஷம். மற்ற இருவரின் விசாரணையில் சாட்சிக் கூண்டில் ஏறி 19 முறை பொய் சொன்னதற்காக 2011ல் 9 வருஷம். 329 பேரைக் கொன்றதில் பங்கு, அதற்கு 5. பொய் சொன்னது, அதற்கு 9. குடும்பங்கள் இந்தக் கணக்கைப் பார்த்து என்ன நினைத்திருக்கும்?

மன்னிப்பு வந்தது 25 வருஷம் கழித்து

2005 தீர்ப்புக்குப் பிறகு குடும்பங்கள் விடாமல் போராடியதால், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் மேஜர் தலைமையில் ஆணையம் அமைந்தது. 2010 ஜூனில் வந்த அறிக்கை பல பாகங்கள் கொண்டது. தவறு மேல் தவறாக அடுக்கடுக்காக நடந்தது என்றும், போலீஸ், உளவு அமைப்பு, விமானப் போக்குவரத்துத் துறை மூவரிடமும் இருந்த தகவல்களைச் சேர்த்துப் பார்த்திருந்தாலே ஆபத்து தெரிந்திருக்கும் என்றும் சொன்னது. குடும்பங்களை அரசு எதிரிகளைப் போல நடத்தியதையும் அது கண்டித்தது. அந்த மாதம் 23ஆம் தேதி பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் டொரன்டோவில் நின்று மன்னிப்புக் கேட்டார்.

பை விதிக்கு வருவோம். தாக்குதல் நடந்த சில மாதங்களிலேயே சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகள் திருத்தப்பட்டன. ஏறாத பயணியின் பை பறக்கக் கூடாது என்ற நடைமுறை உலகம் முழுக்கப் பரவ ஆரம்பித்தது. ஆனால் எல்லா விமான நிறுவனங்களும் அதை முழுசாகக் கடைப்பிடிக்கவில்லை. 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊர்மேல் பான் ஆம் விமானம் வெடித்துச் சிதறி 270 பேர் இறந்தபோதும், குண்டு இருந்தது ஆள் இல்லாமல் வந்த ஒரு சூட்கேஸில்தான்.

பழைய கணக்கு இன்னும் பேசப்படுகிறது

விடுதலையான மாலிக்கை 2022 ஜூலையில் சர்ரே நகரில் சுட்டுக் கொன்றார்கள். கூலிக்குக் கொன்ற இருவர் 2024ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களை ஏவியது யார் என்று அவர்கள் சொல்லவில்லை. 2024 ஜூன் 18 அன்று, முந்தைய வருஷம் கொல்லப்பட்ட காலிஸ்தான் ஆதரவாளர் ஹர்தீப் சிங் நிஜ்ஜாருக்கு கனடா நாடாளுமன்றம் மௌன அஞ்சலி செலுத்தியது. உடனே வான்கூவரில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகம், 23ஆம் தேதி கனிஷ்கா நினைவு நிகழ்ச்சிக்கு வாருங்கள் என்று அழைப்பு விடுத்தது. நாற்பது வருஷம் ஆகியும், இறந்தவர்களை இரண்டு அரசுகளும் அதிகம் நினைப்பது ஒருவரோடு ஒருவர் சண்டை போடும்போதுதான்.

ரேயாத் 2016ல் சிறையிலிருந்து வெளியே வந்தார். அடுத்த வருஷம், கண்காணிப்பு விடுதியில் தங்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் போனது. மிஸ்டர் எக்ஸ் யார் என்று அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

2025 ஜூனில், 40ஆவது நினைவு நாளையொட்டி, கனடா போலீஸ் ஒரு தகவல் சொன்னது. டங்கன் காட்டில் அன்று நின்ற அந்த மூன்றாவது ஆளை அடையாளம் கண்டுவிட்டார்களாம். அவர் இறந்துவிட்டார், வழக்கு எதுவும் அவர்மேல் போடப்படவில்லை. பெயரை வெளியிட முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.